கொழந்தைங்கள ஏன் கூட்டிக்கினு வரல?

எனக்குத் தெரிந்த முதல் இரண்டு ஜப்பானியச் சொற்கள் சாமுராய், ஷோகன். இரண்டும் மோட்டார் சைக்கிள்கள். ஓசூரில் டி.வி.எஸ். நிறுவனம் சுசுகியோடு சேர்ந்து 1984 முதல் நூறு சி.சி. வண்டிகள் செய்து விற்றது. 2001-ல் இரண்டு பேரும் பிரிந்தார்கள். நான் பள்ளிக்கூடம் போன தொண்ணூறுகளில், ஓசூரிலிருந்து தளி வரும் சாலையில் பால் கேனோ ரோஜாக் கட்டோ ஏற்றிக்கொண்டு சாமுராய்கள் போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பெயருக்கு அர்த்தம் இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை.

மூன்றாவது சொல்லைக் கற்றுக்கொள்ள இருபது வருடம் ஆனது. அதற்கான காரணம் மட்டும் எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும்போதே எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்பா ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஃபிட்டர். புது இயந்திரம் ஒன்றை நிறுவிக் கொடுக்க ஜப்பானிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். ஆறேழு மாதம் தங்கினார். அப்பாவுக்கு அவர் "ஜப்பான் சார்". ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தளிக்கு அழைத்து வந்துவிட்டார். வெள்ளைக்காரர்கள் தளியைக் குட்டி இங்கிலாந்து என்பார்களாம், குளிருக்காக. அந்தப் பெருமையைக் காட்டத்தான். அவரைக்காய்ப் பருவம். அம்மா களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் செய்திருந்தாள். அவர் களியை மென்று பார்த்துவிட்டு, பிறகு எங்களைப் பார்த்து முழுங்கக் கற்றுக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பர்சிலிருந்து ஒரு புகைப்படம் எடுத்துக் காட்டினார். இரண்டு பிள்ளைகள். முதுகில் பெட்டி மாதிரி விறைப்பான தோல் பை.

"கொழந்தைங்கள ஏன் கூட்டிக்கினு வரல?" என்று அம்மா கேட்டாள். அப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதை மாற்றிச் சொன்னார்.

"ஸ்கூல்" என்றார் அவர்.

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இங்க ஸ்கூல் இல்லியா? தளியிலயே நாலு ஸ்கூல் கீது. தமிழ்ல வேணும்னா தமிழ், தெலுங்குல வேணும்னா தெலுங்கு, கன்னடம் வேணும்னாலும் கீது!"

அப்பா இதை மொழிபெயர்க்கவில்லை. ஜப்பான் சார் சிரித்தார். சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்து, கையால் தாள்களைப் புரட்டுவதுபோலக் காட்டி, "மார்ச்" என்றார். மார்ச்சில் திரும்பிவிடுவேன் என்று பொருள். அப்படியே மார்ச்சில் போய்விட்டார்.

* * *

பொறியியல் முடித்துவிட்டு பெங்களூரில் மென்பொருள் வேலையில் சேர்ந்தபோது எனக்கு வாய்த்தது ஒரு ஜப்பானிய வாடிக்கையாளரின் திட்டம். கொஞ்சம் ஜப்பானிய மொழி படித்தேன். அப்போதுதான் அந்த மூன்றாவது சொல் வந்தது: தன்ஷின் ஃபுனின். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாளாக வேலை மாற்றலில் போவது. அதற்கென்று ஒரு சொல்லே இருக்கும் அளவுக்கு அங்கே அது சகஜம். முக்கியமான காரணங்களில் ஒன்று பிள்ளைகளின் படிப்பு.

ஏன் அவ்வளவு பயம்? ஜப்பானில் கட்டாயக் கல்வி ஒன்பது வருடம்: தொடக்கப்பள்ளி ஆறு, நடுநிலைப்பள்ளி மூன்று. தொடக்கப்பள்ளி முடிப்பதற்குள் ஒரு பிள்ளை 1,026 கான்ஜி எழுத்துகளைக் கற்றிருக்க வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் இத்தனை என்று பட்டியல் போட்டு. நம் எழுத்துபோல அல்ல. 247-ஐயும் கற்றுவிட்டால் எந்தச் சொல்லையும் படித்துவிடலாம் என்ற வசதி அங்கே கிடையாது. மூன்று வருடம் விட்டுப்போனால் மூன்று வருடத்து எழுத்தும் போய்விடும். பிறகு பதினைந்து வயதில் உயர்நிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு. எந்தப் பள்ளி என்பதை வைத்து எந்தக் கல்லூரி, எந்தக் கல்லூரி என்பதை வைத்து எந்த நிறுவனம்.

இதற்கு ஜப்பான் கண்ட தீர்வு, பள்ளிக்கூடத்தையும் கூடவே அனுப்பிவிடுவது. நிஹோன்ஜின் கக்கோ, அதாவது ஜப்பானியர் பள்ளி. எந்த நாட்டில் இருந்தாலும் அதே பாடத்திட்டம், அதே பாடநூல், ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் அதே கல்வியாண்டு. கட்டடமும் நிர்வாகமும் அந்த ஊர் ஜப்பானியச் சங்கத்தின், நிறுவனங்களின் பொறுப்பு. ஆசிரியர்களில் பலர் ஜப்பானின் அரசுப் பள்ளிகளிலிருந்து கல்வி அமைச்சகத்தால் சில வருடங்களுக்கு அனுப்பப்படுகிறவர்கள். பாடநூல் இலவசம். அவர்களுடைய அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு கட்டாயக் கல்வி இலவசம் என்கிறது. அந்தச் சட்டம் நாட்டு எல்லையைத் தாண்டாது, ஆனால் அதன் உணர்வு தாண்டும் என்பது அரசின் நிலைப்பாடு.

இப்படி உலகத்தில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட முழுநேரப் பள்ளிகள். அவற்றுக்குப் போதுமான பிள்ளைகள் இல்லாத ஊர்களில் ஹோஷூகோ, துணைப்பள்ளி. பெரும்பாலும் சனிக்கிழமை மட்டும். அவை இருநூறுக்கும் மேல். முதலாவது 1958-ல் வாஷிங்டனில் தொடங்கியது. இந்தியாவில் முழுநேரப் பள்ளி தில்லியிலும் மும்பையிலும். சென்னையிலும் பெங்களூரிலும் துணைப்பள்ளி. ஓசூரில் எதுவும் இல்லை. அம்மா சொன்ன நாலு ஸ்கூல் ஜப்பான் சாருக்கு உதவாததன் கணக்கு இதுதான்.

* * *

இந்த ஏற்பாடு எங்கே தொடங்கியது என்று தேடிப்போனபோது, தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தெருவில் போய் நின்றேன். சிங்கப்பூர் வாட்டர்லூ தெரு. அங்கே 1870-லிருந்து இருக்கிற ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலுக்கு நம்மவர்கள் போகாமல் இருக்க மாட்டார்கள். அதே தெருவில், கிட்டத்தட்ட எதிர்ச்சாரியில், இன்று ஸ்டாம்ஃபோர்டு கலை மையம் என்ற பெயரில் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. 1920-ல் அது ஜப்பானியத் தொடக்கப்பள்ளிக்காகக் கட்டப்பட்டது. பள்ளி அதற்கு முன்பே, 1912-ல் தொடங்கிவிட்டது.

அப்போது சிங்கப்பூரிலிருந்த ஜப்பானியர்கள் கம்பெனி அதிகாரிகள் மட்டும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மிடில் ரோடு பக்கம் முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் வறுமையால் விற்கப்பட்ட பெண்கள். கராயுகி-சான் என்று பெயர். அவர்களைச் சுற்றித் துணிக்கடை, மருந்துக்கடை வந்தது. பிறகு பல் வைத்தியர், புகைப்படக்காரர், மீனவர், ஜொகூர் ரப்பர் தோட்டக்காரர். 1920-ல் ஜப்பானியத் தூதரக அதிகாரிகளே விலைமகளிர் விடுதிகளை மூடவைத்தார்கள். புதிய பள்ளிக் கட்டடம் எழுந்ததும் அதே வருடம். ஊர்ப் பெயரைக் கெடுப்பவர்கள் என்று கருதியவர்களைத் துடைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியைக் கட்டிக்கொண்டது ஒரு சமூகம். பாங்காக்கில் ஜப்பானியப் பள்ளி வந்தது 1926-ல்.

1941 டிசம்பரில் போர் வந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த ஜப்பானியப் பொதுமக்களை பிரிட்டிஷ் அரசு ஒட்டுமொத்தமாகப் பிடித்தது. கடைக்காரர், மீனவர், பெண்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் எல்லோரையும். சிங்கப்பூர் விழுவதற்கு முன்பே அவர்களைக் கப்பலேற்றி எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? இந்தியாவுக்கு. தில்லி புராணா கிலாவின் கோட்டைச் சுவருக்குள் கூடாரம் அடித்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியர்களை வைத்திருந்தார்கள். 1942-ல் கைதிகள் பரிமாற்றத்தில் ஒரு பகுதியினர் ஊர் திரும்பினார்கள். மற்றவர்கள் 1943-ல் ராஜஸ்தானின் தேவலி முகாமுக்கு மாற்றப்பட்டார்கள்.

இதைப் படித்த நாளில் எனக்கு ஜப்பான் சாரின் "மார்ச்" ஞாபகம் வந்தது. திரும்பும் தேதி தெரிந்தவருக்குப் புகைப்படம் பர்சில் இருந்தால் போதும். தேவலியில் இருந்தவர்களுக்குத் தேதியே இல்லை. தேதி இல்லாத இடத்தில் சொந்த நாடு என்பது ஒரு வதந்தியாக மாறிவிடும். அதுதான் நடந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகும் முகாமில் ஒரு பெரும்பகுதியினர் அதை நம்பவில்லை. எதிரி கட்டிவிட்ட கதை என்றார்கள். நம்பியவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் இடையே பகை முற்றி, 1946 பிப்ரவரியில் கலவரமாகி, காவலர்கள் சுட்டதில் உயிர்கள் போயின. அந்த வருடம்தான் அவர்கள் கப்பலேறினார்கள்.

அந்த இரண்டு இடங்களும் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. 1947-ல் புராணா கிலா பாகிஸ்தான் போகக் காத்திருந்த முஸ்லிம் அகதிகளின் முகாம் ஆனது. 1962-ல் சீனப் போர் வந்ததும், அசாமிலும் ஷில்லாங்கிலும் டார்ஜிலிங்கிலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினரைப் பிடித்து அதே தேவலிக்கு ரயிலில் அனுப்பினோம். "பிரிட்டிஷ் அரசு" என்று சொல்லித் தப்பிக்க முடியாது, இந்த முறை செய்தது நாம். பள்ளியிலிருந்த பிள்ளைகள் பாதிப் பாடத்தில் எழுந்து போனார்கள். சிலர் வருடக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். அவர்களுக்கும் யாரும் தேதி சொல்லவில்லை.

* * *

போருக்குப் பிறகு ஜப்பானியர்கள் மறுபடி வெளியே வந்தபோது படையோடு வரவில்லை, விலைப்பட்டியலோடு வந்தார்கள். பாங்காக் பள்ளி 1956-ல் தூதரகத்தின் ஆதரவில் மீண்டும் தொடங்கியது. தில்லியில் 1964. சிங்கப்பூரில் 1966. கூடாரத்தில் ஜப்பானியப் பிள்ளைகள் இருந்த அதே தில்லியில், இருபத்திரண்டு வருடம் கழித்து, ஜப்பானியப் பிள்ளைகள் மேசை நாற்காலியில் உட்கார்ந்து ஏப்ரலில் பாடம் தொடங்கினார்கள். இதற்கென்று ஓர் அறக்கட்டளையே 1971-ல் டோக்கியோவில் உருவானது. 2018 வாக்கில் வெளிநாட்டில் வசித்த கட்டாயக் கல்வி வயது ஜப்பானியப் பிள்ளைகள் 80,000-க்கும் மேல்.

ஆனால் பள்ளியை அனுப்பிவைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்தது முழுதாகப் பலிக்கவில்லை. திரும்பி வந்த பிள்ளைகளுக்குக் கிகோகு ஷிஜோ என்று பெயர் வைத்தார்கள். எழுபதுகளில் அவர்கள் சரிசெய்யப்பட வேண்டியவர்களாகவே பார்க்கப்பட்டார்கள். ஆங்கில வகுப்பில் உச்சரிப்பு நன்றாக இருந்தால் கேலி. கேள்வி கேட்டால் அடக்கம் இல்லை. பிறகு நிறுவனங்களுக்கு உலகம் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டபோது, பல்கலைக்கழகங்கள் அதே பிள்ளைகளுக்குத் தனி இடஒதுக்கீடு வைத்தன. ரோஜர் குட்மன் என்ற மானுடவியலாளர் 1990-ல் வெளியான தன் நூலில், பரிதாபத்துக்குரியவர்களாகப் பேசப்பட்ட இவர்கள் உண்மையில் ஒரு புதிய சலுகை வர்க்கமாகிக்கொண்டிருக்கிறார்கள் என்று வாதிட்டார். அப்பாக்கள் அதிகாரிகளாகவும் தூதர்களாகவும் இருந்ததால் அவர்களுடைய குறை அரசின் காதில் விழுந்தது என்பது அதில் முக்கியமான விஷயம்.

இன்னொரு இடைவெளி இன்றும் அடைபடவில்லை. வெளிநாட்டு ஜப்பானியப் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடும். 2011-ல் ஷாங்காய் பள்ளியில் உயர்நிலைப் பிரிவு திறந்தது ஒரு விதிவிலக்கு. அதனால் மூத்த பிள்ளைக்குப் பதினைந்து ஆகும்போது பல குடும்பங்கள் இரண்டாகும். அம்மாவும் பிள்ளைகளும் ஜப்பானுக்கு, அப்பா இங்கேயே. மறுபடியும் தன்ஷின் ஃபுனின்.

* * *

என் திட்டத்தின் ஜப்பானிய மேலாளர் துணிந்து குடும்பத்தோடு பெங்களூர் வந்தவர். மகளுக்கு எட்டு வயது. வாரநாட்களில் ஆங்கில வழி சர்வதேசப் பள்ளி, சனிக்கிழமை ஜப்பானியத் துணைப்பள்ளி. ஒரு வாரத்துப் பாடத்தை ஒரு நாளில் பிழிந்து கொடுப்பார்கள், மிச்சம் வீட்டுப்பாடம். அதாவது அம்மாவின் தலையில். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மறுநாள் எழுத்துத் தேர்வு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரே எழுத்தைப் பத்து முறை எழுதவைத்துக்கொண்டிருந்தார். ஏழாவதில் அந்தக் குழந்தை பென்சிலைத் தூக்கி எறிந்துவிட்டு, "பேடா!" என்று கத்தியது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வேண்டாம்" என்பதற்குக் கன்னடச் சொல். டிரைவரிடம் கற்றிருக்கிறாள். கார் ஜன்னலுக்கு வெளியே பூ விற்பவர்களிடம் அவர் சொல்வது. நானும் என் அவ்வாவிடம் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று அப்படித்தான் வளர்ந்தேன். "பரவாயில்ல சார், இன்னும் ரெண்டு வருஷத்துல முழுசா கன்னடம் பேசுவா" என்றேன், ஆங்கிலத்தில்தான். பாராட்டாகச் சொன்னது. அவர் முகத்தில் கவலை தெரிந்தது. "இரண்டு வருடம் இருக்க மாட்டோம். அடுத்த மார்ச்" என்றார்.

அந்த வீட்டில் எல்லாமே அந்த மார்ச்சை நோக்கித்தான் இருந்தது. அந்தப் பள்ளியைப் பார்த்து நான் முதலில் நினைத்தது, இவர்கள் ஊரோடு ஒட்டாதவர்கள் என்று. இப்போது அப்படித் தோன்றவில்லை. தேதி தெரிந்தவர்களுக்காகக் கட்டப்பட்ட பள்ளி அது. அந்தத் தேதியில் குழந்தை தன் வகுப்பில், தன் வயதுக்கான பெஞ்சில் போய் உட்கார வேண்டும். அதற்கு ஓர் அரசும், ஒரு சங்கமும், ஒரு தாயின் வெள்ளிக்கிழமை மாலைகளும் சேர்ந்து உழைக்கின்றன.

* * *

தளிக்கு வருகிறேன். எங்கள் பகுதி 1956 மாநிலப் பிரிவினைக்குப் பிறகு தமிழ்நாட்டில் நின்றது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் இங்கே ஏராளம். அதே 1956-ல் அரசியலமைப்பில் 350அ என்ற பிரிவு சேர்ந்தது: மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும். அம்மா பெருமையடித்த தெலுங்கு, கன்னடப் பள்ளிகளுக்குப் பின்னால் இந்த எண்ணம் இருக்கிறது. 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்து, எல்லாப் பள்ளிகளிலும் படிப்படியாகத் தமிழ் கட்டாயமானபோது, இந்த எல்லைப் பகுதியில் அது பெரிய பேச்சாக இருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. இரண்டு பக்கமும் பேச ஆள் இருந்தது.

பேச ஆள் இல்லாதவர்கள் இப்போது வந்திருக்கிறார்கள். ஓசூர் தொழிற்சாலைகளிலும் தளி பசுமைக்குடில்களிலும் ஜார்கண்டு, ஒடிசா, பீகார் ஆட்கள். இவர்களுக்கும் வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கற்சூளைகளில், ஒடிசாவிலிருந்து பாடநூலும் ஒடியா தெரிந்த ஆசிரியர்களும் வரவழைத்துத் தமிழ்நாட்டிலேயே வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அது ஒரு நிஹோன்ஜின் கக்கோதான். சூளைக்காரர்களுக்கும் ஒரு தேதி இருந்தது. மழைக்கு முன்னால் ஊர் திரும்புவார்கள். அதனால் அது முடிந்தது.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரோஜாக் குடிலில் வேலை செய்கிற ஜார்கண்டுப் பெண் தண்ணீர் பிடிக்க வந்தாள். இடுப்பளவு உயரத்தில் ஒரு பையன் கூட. பெரியவள் ஒருத்தி இருக்கிறாள் என்று எப்படியோ தெரிந்துகொண்ட அம்மா, என்னிடம் "கேளு" என்றாள். "பெரிசை ஏன் கூட்டிக்கினு வரலன்னு கேளு."

என் அரைகுறை இந்தியில் கேட்டேன்.

"ஸ்கூல்" என்றாள் அவள். ஊரில், பாட்டியோடு.

இந்த முறை அம்மாவுக்கு ரோஷம் வரவில்லை. தளியில் எத்தனை ஸ்கூல் இருக்கிறது என்றும் சொல்லவில்லை. பையனைப் பார்த்து, "இவனுக்கு எத்தினி வயசு?" என்றாள். ஆறு ஆகப்போகிறது. "நாளைக்கு நீயே கூட்டிக்கினு போயி சேத்துவுடு" என்று எனக்கு உத்தரவு வந்தது.

மறுநாள் மூன்று பேரும் போனோம். ஆசிரியர் நல்லவர். ஆதார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சேர்த்துக்கொள்கிறேன் என்றார். மொழி வந்துவிடும், பிள்ளைகள் மூன்று மாதத்தில் பிடித்துக்கொள்ளும் என்றார். பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார்: "எவ்ளோ நாள் இங்க இருப்பாங்க?"

திரும்பி அவளிடம் கேட்டேன். அவள் பையனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மாலூம் நஹீ" என்றாள்.

ஆசிரியருக்கு அந்த அளவு இந்தி தெரிந்திருந்தது. பேனாவைத் திறந்து, பையனின் பெயர் என்ன என்று கேட்டார்.